மர்ம நாடகத்துக்கு வாசிக்க ஆள் தெரியுமா?

வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்கு ஒரு மர்ம நாடகம் போடுகிறோம். நடிப்பு, வசனம் எல்லாம் ஓரளவு தேறிவிட்டது, பின்னணி இசையில்தான் சிக்கல். நாலு பாட்டு வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசில்லை. வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் 'அந்த நாள்' என்ற மர்மப் படத்தை எடுத்தபோது ஒரு பாட்டுகூட வைக்கவில்லையே! (அவரே 1964-இல் 'பொம்மை'யில் பாட்டும் வைத்து, பதற்றத்தையும் குறையவிடவில்லை, அது வேறு விஷயம்.)

விளக்கு அணைந்து கதவு திறக்கும் அந்த அரை நிமிடத்துக்கு என்ன வாசிப்பது? ஆர்மோனியம், தவிலுக்கு ஆள் உண்டு. தவில் அடித்தால் கல்யாண வீடாகிவிடுகிறது. தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் பழைய மேடை நாடகங்களுக்கு வாசித்தவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், இடிச் சத்தத்துக்குப் பெரிய தகரத் தகடு ஒன்று இரவல் கிடைத்தாலும் சரி.