சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை எடுக்கும்போது

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையில் பின்நேரங்களில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். தரம் 2, 3 படிக்கிற பிள்ளைக்கு எந்தப் படக்கதைத் தொகுப்பு நல்லது என்று தாய்மார் அடிக்கடி கேட்பார்கள். எழுத்தை வாசிக்க முதல் படத்தை வடிவாகப் பாருங்கோ என்றுதான் சொல்வேன்.

'குரங்கு மரத்தில் ஏறியது' என்று எழுதி, ஏறுகிற குரங்கை மட்டும் வரைந்திருந்தால் பிள்ளை ஒருக்கால் புரட்டிவிட்டு வைத்துவிடும். அந்த மரத்தடியில் யாரோ கழற்றிவிட்ட செருப்பும் கிடந்தால், "இது ஆற்ற செருப்பு?" என்று கேட்கும். பிறகு அடுத்த பக்கங்களில் அதற்கு விடை தேடும்.

இந்தியாவில் அச்சான ஒரு கதையில் நீளக் கொம்போடு ஒரு யானை வந்தது. ஒரு சின்னவள் அதில் விரலை வைத்து, "ரீச்சர், இது எங்கட யானை இல்லை. எங்கட யானைக்குக் கொம்பு இல்லை" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். இலங்கையில் ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. இரவில் வாழைக்குள் யானை இறங்கினால் வெடி கொளுத்துகிற ஊரில் வளர்கிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அன்றைக்குக் கதை அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. வேலியை முறித்த யானை, அப்பப்பாவைத் துரத்தின யானை என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வாயே திறக்காத ஒரு பெடியனும் சொன்னான். அந்தப் புத்தகத்தை நான் இன்னும் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

தேடி எடுக்க வழி இருக்கிறது. ரூம் டு ரீட் என்கிற தொண்டு நிறுவனம் இலங்கையில் வெளியிட்ட தமிழ்ப் புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் படங்களும் அருமை, ஆனால் இங்கே வந்து சேரும்போது விலை கூடிவிடும். காசு முட்டென்றால் பிரதம் புக்ஸ் என்கிற இந்தியப் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்துக்குப் போங்கள். 2015இல் தொடங்கியது, தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், அதற்கு உரிமமே இடம் தருகிறது. கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடியும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அது போதும். ஒரே இருப்பில் ஒரு கதையை முடித்த சந்தோசத்தில் அடுத்ததை அதுவே கேட்கும்.

நாங்கள் ஒரே நிலையில் ஐந்தாறு கதைகளைத் தெரிந்தெடுத்து, கலரில் அடித்து, ஒன்றாகத் தைத்துத் தொகுப்பாக்கி வைத்திருக்கிறோம். கறுப்பு வெள்ளையில் அடித்தால் மலிவுதான், ஆனால் நிறத்தை நம்பி வரைந்த படம் செத்துப்போகும். இரண்டு புத்தகம் குறைந்தாலும் பரவாயில்லை, கலரிலேயே அடியுங்கள். மரத் தட்டில் அடுக்கினால் கறையான் விடாது, தகரப் பெட்டிதான் பாதுகாப்பு. பெட்டிக்குப் பூட்டு மட்டும் போட வேண்டாம், பிள்ளைகள் தாங்களே திறந்து எடுக்கட்டும்.