டபிள்யூடி-1 பாசிட்டிவ்னா நல்லதா கெட்டதா? ஒரே ஜீன்ல இத்தனை புரோட்டீன் எப்படி?

ரங்கூன்_சித்தி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா மகனுக்கு நாலு வயசு. போன வருஷம் குளிப்பாட்டுறப்ப வயித்துல இடது பக்கம் கெட்டியா ஏதோ அக்கா கைல தட்டுப்பட்டுச்சு, ஸ்கேன்ல கிட்னில வில்ம்ஸ் கட்டி, அதாவது சின்னப் புள்ளைங்களுக்கு வர்ற கிட்னிப் புத்துநோய்னு சொல்லிட்டாங்க. அந்தக் கிட்னியை எடுத்து கீமோவும் முடிஞ்சு இப்ப புள்ள தெருவுல சின்லோன் பந்தை உதைச்சுக்கிட்டு ஓடுறான். ஆனா பயாப்ஸி ரிப்போர்ட்ல டபிள்யூடி-1 பாசிட்டிவ்னு ஒரு வரி இருக்கு, அதுதான் என்னைத் தூங்கவிடல. ராத்திரி கரண்ட் வர்ற நேரத்துல உக்காந்து படிச்சா ஒரு எடத்துல அது கட்டி வராம தடுக்குற ஜீன்னு போட்டிருக்கு, இன்னொரு எடத்துல ரத்தப் புத்துநோய்ல அதுவே ரொம்ப அதிகமா இருக்குன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல அந்த ஜீனை வெட்டி ஒட்டுறதுல பல வகை புரோட்டீன் வருதுன்னு. எது உண்மை? அக்கா அடுத்த புள்ளை பெத்துக்கவே பயப்படுறா.

மோல்மீன்_தம்பி:
அக்கா, நீங்க படிச்ச மூணும் உண்மைதான். நான் ஜீன் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன், தெரிஞ்சதைச் சொல்றேன். சின்ன வயசுல கோயில் தமிழ் வகுப்புல ஒரு விளையாட்டு விளையாடுவோமே, கடல்ல நடு எழுத்தை எடுத்தா என்னன்னு கேட்டா கல்னு சொல்லணும், அதே மாதிரிதான் செல்லும் பண்ணுது. ஜீன்லருந்து ஆர்என்ஏங்குற நகலை எழுதினதும் நடுவுல வேண்டாத துண்டை வெட்டிட்டு மிச்சத்தை ஒட்டும், எங்க வெட்டுதுங்குறதைப் பொறுத்து புரோட்டீன் மாறும். டபிள்யூடி-1 ஜீன்ல பத்து எக்ஸான், அதாவது வெட்டினப்புறம் ஒட்டிக்கிற துண்டு. அஞ்சாவதை வச்சா புரோட்டீன் சங்கிலில 17 கண்ணி, அதாவது அமினோ அமிலம் கூடும், விட்டா கொறையும். ஒன்பதாவதோட கடைசில வெட்டுற எடம் ரெண்டு, நடுவுல ஒன்பதே எழுத்து, அதாவது மூணு அமினோ அமிலம், அதுக்குப் பேரு கேடிஎஸ். அந்த மூணு இல்லாத புரோட்டீன் டிஎன்ஏவைப் புடிச்சு மத்த ஜீன்களை ஆன் ஆஃப் பண்ணும். இருந்தா அந்தப் புடி தளர்ந்து ஆர்என்ஏ பக்கம் சாயும். கருவுல கிட்னி உருவாக ரெண்டுமே வேணும். 2001ல எலிங்கள்ல பண்ணிப் பாத்தாங்க, ரெண்டுல எது முழுசா இல்லாட்டியும் குட்டி பொறந்த கொஞ்ச நேரத்துலயே செத்துப்போச்சு. ஆனா அஞ்சாவது எக்ஸான் இல்லாத எலி நல்லாவே வளந்துச்சு, எனக்கு இன்னிக்கும் அது ஆச்சரியம்தான்.

ரங்கூன்_சித்தி:
தம்பி, கடல் கல் நல்லாப் புரிஞ்சுச்சு. அப்ப கட்டி ஏன் வருது?

மோல்மீன்_தம்பி:
அந்த ஜீன் கெட்டுப்போனா கிட்னியா முதிர வேண்டிய செல் முதிராம கருவுல இருந்த நெலமைலயே நின்னு பெருகிட்டே போகும், அதுதான் வில்ம்ஸ். ஆனா எல்லா வில்ம்ஸ் கட்டிலயும் இந்த ஜீன் கெட்டிருக்காது, கொஞ்சப் பேருக்குத்தான். ரத்தப் புத்துநோய்ல கதையே வேற, அங்க இந்த ஜீன் நிறைய வேலை செஞ்சு செல் பெருகவும் சாகாம இருக்கவும் உதவுது. செல் எந்த வகை, எந்த வெட்டு எவ்வளவுங்குறதைப் பொறுத்துதான் அது காவக்காரனா திருடனான்னு ஆகுது. ஃப்ரேசியர்னு ஒரு நோய் இருக்கு, அதுல புரோட்டீன் ரெண்டும் எழுத்துப் பிசகில்லாம சரியாத்தான் வருது, வெட்டுற எடத்துல ஒரு எழுத்து மாறினதால கேடிஎஸ் உள்ளது மட்டும் கொறஞ்சுபோகும். அந்த அளவு மாறினதுக்கே கிட்னி கெட்டுப்போகுது பாருங்க.

பெகு_நர்ஸக்கா:
தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா தங்கச்சி, நீ கேட்டது ரிப்போர்ட்டு. அந்தப் பாசிட்டிவ் ஜீன் டெஸ்டே இல்ல. கட்டியைச் சீவி சாயம் போட்டுப் பாக்குறது, செல்லுக்குள்ள அந்த புரோட்டீன் இருந்தா நியூக்ளியஸ் பழுப்பா தெரியும். வில்ம்ஸ் கட்டில அது பெரும்பாலும் பாசிட்டிவ்தான், டாக்டர் இது வில்ம்ஸ்தான்னு உறுதி பண்ணிக்கப் பாப்பாரு. ஜீன் கெட்டிருக்குன்னு அர்த்தமே இல்ல, எந்த வெட்டுன்னும் அதுல தெரியாது. குடும்பத்துல தொடர்ந்து வர்றது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். ரெண்டு கிட்னிலயும் கட்டி, கண்ணுல கருவிழிப்படலம் இல்லாம பொறந்தது, விதை எறங்காதது, ஒண்ணுக்குல புரோட்டீன் போறது, இதுல ஏதாச்சும் இருந்தா ரத்தத்துல ஜீன் டெஸ்ட் பண்ணணுமான்னு டாக்டர்கிட்ட கேளு. அப்படி ஏதும் இருந்துச்சா?

ரங்கூன்_சித்தி:
கண்ணு நல்லாருக்கு அக்கா, ஒரு பக்கம்தான் கட்டி. ஒண்ணுக்கு டெஸ்ட் மட்டும் பண்ணலன்னு நெனைக்கிறேன். அடுத்த வாரம் செக்கப்ல கேக்குறேன். அக்காகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னா.