மறு: ரேட்டிங் கர்வ் = மட்டம்–பாய்வு வளைவரை?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆற்றின் நீர்மட்டத்தை வைத்து, அதில் ஓடும் நீரின் அளவை, அதாவது பாய்வை, அறிய உதவும் கோடுதான் ரேட்டிங் கர்வ். அதற்கு ‘மதிப்பீட்டு வளைகோடு’ போதும் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எதை மதிப்பிடுகிறோம் என்பதே அந்தச் சொல்லில் இல்லை.

ஆற்றை அளந்த வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். கெய்ரோவின் ரோடா தீவில் 861இல் கட்டிய நைல் அளவுமானியில் ஓர் எண்கோணத் தூண், அதில் முழக்கணக்கில் கோடுகள். வெள்ளம் எத்தனை முழம் ஏறியது என்பதை வைத்து வரியை முடிவுசெய்தார்கள். சீனாவில் யாங்சி ஆற்றிலுள்ள பைஹெலியாங் பாறையில், நீர் மிகவும் தாழ்ந்த ஆண்டுகளின் மட்டத்தை 763 முதல் பொறித்து வைத்திருக்கிறார்கள். அருமையான ஆவணங்கள்! ஆனால் இரண்டும் சொல்வது மட்டத்தை மட்டுமே. எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அறிய வேகமும் வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பையும் வேகத்தையும் சேர்த்தே பாய்வைக் கணக்கிட வேண்டும் என்று இத்தாலியின் கஸ்தெல்லி 1628இல் எழுதினார். 1732இல் பிரெஞ்சுப் பொறியாளர் பித்தோ, பாரிஸின் சேன் ஆற்றில் வளைந்த குழாயை இறக்கி வேகத்தை அளந்தார்.

அதற்காகத் தினமும் படகில் போய் வேகத்தை அளந்துகொண்டிருக்க முடியுமா? அதனால்தான் வெவ்வேறு மட்டங்களில் பாய்வை அளந்து, புள்ளிகளாகக் குறித்து, அவற்றின் வழியே ஒரு கோடு வரைகிறார்கள். அப்புறம் மட்டத்தைப் படித்தாலே போதும், வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று சொல்லிவிடலாம். ஆகவே இரண்டு அளவும் பெயரில் வரட்டும்: மட்டம்–பாய்வு வளைவரை. ‘வளைவரை’ கணிதப் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்கும் சொல். ‘மட்டப்பாய்வு’ என்று சேர்த்தெழுதினால் மட்டமாகப் பாய்வது என்று பொருள்படும், இடைக்கோடு இருக்கட்டும்.

‘ஆழம்–பாய்வு’ என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம். மட்டத்தைப் படிக்கும் அளவுகோலின் சுழியம் ஆற்றுப்படுகையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மாறாத ஓர் உயரத்தை ஆதாரமாக வைத்துக்கொள்வார்கள். வெள்ளம் மணலை அரித்துப் போனால், அதே மட்டத்தில் ஆழம் கூடிவிடும், பாய்வும் கூடலாம். பழைய வளைவரையை நம்பினால் வெள்ள எச்சரிக்கையே தவறிப் போகும். திரும்ப அளந்து திருத்த வேண்டும்.

துறையில் ஷிஃப்ட் என்று சொல்லும் இந்த மாற்றத்துக்கு ‘வளைவரை நகர்வு’ சரியாக வருமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.