தண்ணி வடிஞ்சாச்சு, சுவர் காயலை: பையன் மூச்சிழுப்புக்கு வீடு காரணமா, நாங்களா?

வியாசர்பாடி தரைத்தளம்:
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க வாடகை வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. வடிஞ்ச பிறகு ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தாங்க. மெத்தை மாத்தவும் மருந்து வாங்கவும் சரியாப் போச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள தண்ணி வராத மழைக்கும் சுவர்ல இடுப்பளவு ஓதம் ஏறுது. பீரோவை நகர்த்தினா பின்னாடி கறுப்புப் பூஞ்சை. பையனோட ஸ்கூல் ஷூ லீவுல ரெண்டு நாள் மூலையில கிடந்தா வெள்ளையா பூத்துடுது. அவனுக்கு 6 வயசு. ஐப்பசி பொறந்தா ராத்திரி இழுப்பு ஆரம்பிக்கும், பொங்கல் வரைக்கும் விடாது. ரெண்டு மணிக்கெல்லாம் நெபுலைசர் வைக்கத் தூக்கிட்டு ஓடியிருக்கேன். வீட்டுக்காரரைக் கேட்டா, "ஜன்னலைத் திறக்காம ஈரத்துணியை உள்ளயே போட்டா அப்படித்தான் இருக்கும்"னு சொல்றார். அது நியாயமா?

சைட் இன்ஜினியர்:
அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கும்மா. பத்துக்குப் பத்து ரூம்ல நாலு பேர் மூச்சு, சோறு வடிக்கிற ஆவி, கொடியில ஈரத்துணி. இவ்வளவு ஈரமும் சுவர்லயும் பீரோ பின்னாடியும்தான் போய்ப் படியும். மூடின ரூம்ல கொசுவத்திச் சுருள் வேற ராத்திரி முழுக்கப் புகையும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை ஒண்ணே போதும். எல்லாத்தையும் சுவர் தலையில கட்டாதீங்க.

வியாசர்பாடி தரைத்தளம்:
ஜன்னலுக்கு நேர் பின்னாடி தேங்கின தண்ணி சார். திறந்தா கொசு. மூடி, சுருள் கொளுத்தினா புகை. மொட்டை மாடி பூட்டியிருக்கு, சாவி வீட்டுக்காரர்கிட்ட. துணியை எங்க காயப் போடறது?

கொருக்குப்பேட்டை வீட்டுக்காரன்:
நானும் ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கேன், என் பக்கத்தையும் சொல்றேன். எங்கப்பா கட்டினப்போ வாசல்ல மூணு படி. பழைய தாரைச் சுரண்டாம மேலே மேலே ரோடு போட்டுட்டே வந்தாங்க. இப்ப வீடு தெருவுக்கு ஒரு அடி பள்ளத்துல இருக்கு. மழைத்தண்ணி அஸ்திவாரத்துலதான் நிக்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? வர்ற வாடகையில வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட்தான் அடிக்க முடியுது. வீட்டுக்காரன்னா எல்லாரும் பணக்காரன் இல்லைங்க.

நைட் டியூட்டி நர்ஸ்:
இன்ஜினியர் சார், சுருள் புகை உண்மைதான், மறுக்கல. மத்ததை ஒத்துக்க முடியாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டுல இருக்கிறவங்களுக்கு மூச்சுத்தொந்தரவு, சுவாசத்தொற்று வர்ற வாய்ப்பும் ஆஸ்துமா மோசமாகிற வாய்ப்பும் கூடுதல்னு உலக சுகாதார நிறுவனம் 2009லயே சொல்லியாச்சு.

இங்கிலாந்துல ரோச்டேல் ஊர்ல 2020 டிசம்பர்ல ரெண்டு வயசுக் குழந்தை இறந்துச்சு. வீட்டுப் பூஞ்சையில ரொம்ப நாள் இருந்ததுதான் காரணம்னு 2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார். அங்கயும் வீட்டை வாடகைக்கு விட்ட நிர்வாகம், அந்தக் குடும்பம் வாழற விதம்தான் காரணம்னு நினைச்சிருந்தது. தப்புன்னு பிறகு ஒத்துக்கிட்டாங்க. அதனாலதான் தாயைக் கைகாட்டினா எனக்குப் பொறுக்கலை.

தங்கச்சி, பூஞ்சையை விளக்குமாத்தால தட்டாதீங்க, தூள் பறந்து நெஞ்சுக்குள்ள போகும். மூக்கைக் கட்டிக்கிட்டு ஈரத்துணியால துடைங்க, அப்ப பையன் அந்த ரூம்ல இருக்கவேண்டாம். பிளீச்சிங் பவுடரோட ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீங்க. கால்ல புண்ணோட தேங்கின தண்ணியில நடந்து, பிறகு காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம்.

சைட் இன்ஜினியர்:
சண்டை வேண்டாம், சோதிச்சுப் பார்த்துடலாம். கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சுவரைத் துடைச்சு, நாலு ஓரமும் டேப் ஒட்டுங்க. ரெண்டு நாள் விடுங்க. ரூம் பக்கம் நீர் கோத்திருந்தா வீட்டுக்குள்ள உண்டாகிற ஆவி. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது.

வியாசர்பாடி தரைத்தளம்:
ஒட்டிப் பார்த்தேன் சார். முன்பக்கம் காய்ஞ்சிருக்கு. பின்பக்கம் முத்து முத்தா தண்ணி. டேப்பைப் பிரிச்சப்போ பெயின்டும் தோலா உரிஞ்சு வந்துச்சு, உள்ள வெள்ளையா உப்பு.

சைட் இன்ஜினியர்:
அப்ப நான் முதல்ல சொன்னது உங்க வீட்டுக்குப் பொருந்தாதும்மா. அஸ்திவாரத்து ஈரம் செங்கல் வழியா மேல ஏறுது. உரிஞ்சது பிளாஸ்டிக் பெயின்ட். அது சுவரை மூச்சு விடவிடாம அடைச்சு, ஈரத்தை இன்னும் மேல தள்ளும். ஓதம் ஏறின உயரத்துக்கு மேலயும் கொஞ்சம் சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுக்கணும். அடிச்சுவர்ல துளை போட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்தி, காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசணும். சுருளை மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க, வலை கட்டுங்க. அதுல நான் மாறமாட்டேன்.

கொருக்குப்பேட்டை வீட்டுக்காரன்:
சார், வருஷா வருஷம் நான் அடிச்சதும் அதே பெயின்ட்தான். அதுக்குப் போட்ட காசைச் சேர்த்து வச்சிருந்தா ஒரு சுவராவது சரி பண்ணியிருப்பேன். ஆனா ரோடு விஷயத்தை யாரும் தொடலையே? சுவரை எத்தனை தடவை கொத்தினாலும் தெரு உயர்ந்துட்டே போனா வீணாத்தானே போகும்?

நைட் டியூட்டி நர்ஸ்:
ரோடு பத்தி நீங்க சொல்றது சரிண்ணே. அதுக்கு மனு எழுதுங்க, கையெழுத்து வாங்க நானும் வரேன். அது நடக்கிற வரைக்கும் பையன் அந்தச் சுவரோரம் படுக்கக்கூடாது.

வியாசர்பாடி தரைத்தளம்:
அவன் பாயை எதிர்ப்பக்கம் மாத்திட்டேன்க்கா. உரிஞ்ச பெயின்டைக் கவர்ல போட்டு வச்சிருக்கேன், சுவரைத் தேதியோட போட்டோவும் எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் வாடகை வாங்க வருவார். இன்ஜினியர் சார், அந்த நேரம் போன்ல அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவீங்களா?

சைட் இன்ஜினியர்:
போன் வேண்டாம்மா. பெரம்பூர்ல சைட் இருக்கு, நேர்லயே வரேன். பீரோவை மட்டும் நகர்த்தி வைங்க.