அத்திரம்பாக்கம் ஓடை: போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை (அம்பத்தூர், திருநின்றவூர், பல்லாவரம் ஊர்க்காரர்கள் மூவர் சொல்பவை)

அம்பத்தூர்:
ஆதி மனிதர்களின் கற்கருவிகள் ஓடைக்கரையில் கிடைக்கும் சிற்றூர் அத்திரம்பாக்கம். அங்கே போக நினைப்பவர்கள் முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆங்கிலேயப் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் சேகரித்த கற்கருவிகளை அரசு 1904-இல் விலைக்கு வாங்கியது. அவை சேர்ந்த இடம் அதுதான். அங்கே கைக்கோடரியை (இரண்டு முகமும் செதுக்கி, கையில் பிடித்துப் பயன்படுத்திய கல்) நிதானமாகப் பார்த்துக் கண் பழகாமல் ஓடைக்குப் போனால், உடைந்த ஜல்லி எல்லாம் கருவியாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது மூன்று. அடிப்பக்கத்தில் கூழாங்கல்லின் வழவழப்பான பழுப்புத் தோல் கொஞ்சம் மிச்சமிருக்கும். இரண்டு முகத்திலும், அடித்ததில் செதில் (சில்லு) பெயர்ந்த குழிகள் இருக்கும். அந்தக் குழிகள் சந்திக்கும் விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கோடு வளைந்து வளைந்து போகும். தானாக உடைந்த கல்லில் இந்த மூன்றும் சேர்ந்து வருவது அரிது.

திருநின்றவூர்:
வழி: சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பூண்டி. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். அதற்குமேல் சொந்த வண்டி இருந்தால்தான் சௌகரியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில் போவது நல்லது. மழைநீர் அரித்த ஓடைக்கரையில் மண் அடுக்குகள் அப்போது தெளிவாகத் தெரியும். முள் நிறைய, ஷூ கட்டாயம்.

மேலே செம்மண் சரளை, அதற்குக் கீழே களிமண். அந்தக் களிமண்தான் இந்தச் சிற்றூரின் பெருமை. மெதுவாக நகரும் தண்ணீரில்தான் களி படியும். அந்த வேகத்துக்குக் கையளவு கல்லை உருட்டி வர முடியாது. ஆகவே களிக்குள் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உண்டான கடினமான கல்) கிடந்தால், யாரோ கையில் எடுத்து வந்து போட்டதுதான். பக்கத்து அல்லிக்குழி மலைப் பக்கம் அந்தக் கல் ஏராளம். கல்லும் தண்ணீரும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் மனிதர்கள் திரும்பத் திரும்ப இங்கே வந்தார்கள்.

பல்லாவரம்:
எங்கள் ஊரையும் சொல்லுங்க சார். 1863 மே 30 அன்று ஃபுட் முதல் கற்கருவியை எடுத்தது பல்லாவரத்துச் சரளைக் குழியில். அத்திரம்பாக்கம் அதே ஆண்டு செப்டம்பரில், சக புவியியலாளர் வில்லியம் கிங்கும் கூட இருந்தபோது. வித்தியாசம் என்னவென்றால், பல்லாவரத்தில் இன்று வீடும் சாலையும்தான். அத்திரம்பாக்கத்தில் மண் இன்னும் அடுக்குக் குலையாமல் இருக்கிறது. 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்ய முடிந்தது அதனால்தான்.

கல்லை எடுத்து வரக்கூடாது என்று சொல்வது சட்டத்துக்காக மட்டும் இல்லை. வெயிலில் கிடக்கும் குவார்ட்சைட்டில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு வகை அணுக்கள் உண்டாகும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும். பழையவை சிதையத் தொடங்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் காலம். இரண்டின் விகிதத்தைப் பார்த்துத்தான் அத்திரம்பாக்கம் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தார்கள். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கல் வீட்டு ஷோகேஸில் வெறும் கல்தான்.

அம்பத்தூர்:
சரியாகச் சொன்னீர்கள். அத்திரம்பாக்கத்திலேயே மேல் அடுக்குகளில் கைக்கோடரி குறைந்து, சின்னச் செதில் கருவிகள் கூடும். அவற்றின் தொடக்கம் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் என்று 2018-இல் ஆய்வு முடிவு வந்தது. கரையைப் பார்க்கும்போது கீழிருந்து மேலாகப் பாருங்கள், மாற்றம் புரியும்.

படம் எடுப்பவர்கள் கல்லை அசைக்காமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, நேர் மேலிருந்து ஒன்று, கரை முழுவதும் தெரிய ஒன்று எடுங்கள். உச்சி வெயிலில் செதில் குழிகள் தட்டையாகத் தெரியும். காலை 8 மணிக்குள் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு செதில் குழியும் நிழலோடு தெரியும்.