கருக்கலைப்புப் பிரிவில் நான் சந்தித்த பெண்கள்

மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில், குடும்ப நலப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கருக்கலைப்புக்கு வருபவர்கள் என்றாலே திருமணமாகாத இளம்பெண்கள்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் திருமணமாகி, ஒன்றோ இரண்டோ பிள்ளைகளைப் பெற்றவர்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதால் கரு தங்காது என்று நம்பியிருந்து, வயிறு தெரிந்த பிறகே ஓடிவந்தவர்கள் உண்டு. மில் வேலையை விட்டால் குழுக் கடன் கட்ட முடியாது என்றவர்களும், கணவரின் குடிக்கும் அடிக்கும் நடுவில் இன்னொரு பிள்ளையைக் கொண்டுவர மனம் ஒப்பாதவர்களும் உண்டு. "நாள் தள்ளிப்போச்சு சிஸ்டர், இதை வெச்சுக்க முடியாது" என்பதற்கு மேல் அவர்கள் பேசமாட்டார்கள். மெல்லக் கேட்டால், தங்களைப் பற்றியல்ல, வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியே சொல்வார்கள்.

இப்படித் தாங்களே யோசித்து முடிவெடுத்து வந்தவர்கள் பிறகு காப்பர்-டி போட்டுக்கொள்ளவோ குழந்தைக்குத் தடுப்பூசி போடவோ வரும்போது, அழுதோம் என்று சிலர் சொன்னதுண்டு. தவறு செய்துவிட்டோம் என்று சொன்னவர்கள் மிக அரிது. அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தபோதும், கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அம்முடிவு தங்களுக்குச் சரியானதே என்றார்கள். நான் கண்டதும் அதற்கு மாறானதன்று.

நீங்காத துயரத்தை வேறிடத்தில் பார்த்தேன். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான ஒருவரை, கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும், எங்கோ அழைத்துச் சென்று ஸ்கேன் பார்த்து, வேறெங்கோ கலைத்துவிட்டு, உதிரப்போக்கு நிற்காத நிலையில் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் பிழைத்தார். பல ஆண்டுகள் கழித்து ரேஷன் கடை வரிசையில் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்திருந்தா இந்த வருஷம் ஆறாவது போயிருப்பாக்கா" என்றார். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதே அவருக்கு ஆறாத வலி.

கருக்கலைப்பு பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது. கணவரின் கையெழுத்தைக் கேட்கவில்லை. 2021இல் வந்த திருத்தம், கருத்தடை முறை பலிக்காமற்போனதைக் காரணமாகச் சொல்லும் உரிமையைத் திருமணமாகாதவர்களுக்கும் விரித்தது; கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாகவும் ஆக்கியது. இருந்தும் பல இடங்களில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றே திருப்பி அனுப்புகிறார்கள். அப்படித் திரும்பியவர்கள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, கரு முழுதும் வெளியேறாமல், இரத்தம் வற்றி வெளுத்த முகத்தோடு நள்ளிரவில் வருவதைப் பார்த்து நான் கோபப்பட்டிருக்கிறேன். அக்கோபம் அவர்கள்மீது அன்று.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மண்டையோடு வளரவில்லை என்று தெரிந்து, ஆசைப்பட்டுச் சுமந்த கருவை இழந்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போன சில நாட்களில் மார்பு கல்லாகக் கட்டி, புடவை நனைய நனையத் திரும்பி வந்தார். மாமியார் மல்லிகைப்பூவை வைத்து இறுகக் கட்டியிருந்தார். பால் சுரக்கும் என்று எங்களில் எவரும் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. தன் உடம்பே தன்னைப் பழிப்பதாக எண்ணி அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். நான்கு மாதங்களைத் தாண்டிக் கரு கலைந்தால் இப்படிச் சுரப்பது இயல்பு, பாலைப் பீய்ச்சாமல் குளிர்ந்த துணியை ஒற்றிவர சில நாட்களில் அடங்கும், தேவையானால் அதற்கு மாத்திரையும் உண்டு என்று சொன்ன பிறகே அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். அதன் பின் அப்பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணிடமும், உடன் வந்த பெண்மணியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, இதைச் சொல்லித்தான் அனுப்பினோம்.