பெங்களூர் கிளப்பில் இண்டஸ்ட்ரியல் ராக், முதல் தடவை போகிறேன்: காதுக்கு என்ன செய்வது, எங்கே நிற்பது?

சூரமங்கலத்தான்:
வணக்கம். சேலம் ஜங்ஷன் பக்கம் இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ராத்திரி பெங்களூரில் ஒரு கிளப்பில் இண்டஸ்ட்ரியல் ராக் நிகழ்ச்சி, அதாவது மெஷின் சத்தமும் கிட்டாரும் கலந்த ராக் இசை, கூடப் படித்தவன் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு வாடா வாடா என்று உயிரை வாங்குகிறான். பாட்டு எனக்குப் புதிதில்லை, நைன் இன்ச் நெயில்ஸ், மினிஸ்ட்ரி மாதிரி பேண்டுகள் எல்லாம் காலேஜ் நாளில் இருந்து ஹெட்போனில் கேட்கிறேன். ஆனால் நேரில் இப்படி எதற்கும் போனதில்லை, நம்ம ஊரில் இதெல்லாம் எங்கே நடக்கிறது. கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் அடிக்கிற பம்பையும் உருமியும்தான் நான் நேரில் கேட்ட பெரிய சத்தம், அதுவும் திறந்த வெளியில்.

இந்த கிளப் சின்னது. போட்டோவில் பார்த்தால் கூரை தாழ்வாக இருக்கிறது, ஜனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. போன வருஷம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் டிஜே வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து அன்றைக்கு ராத்திரி பூரா காதில் கொய்ங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால் கொஞ்சம் பயம். பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா? எங்கே நின்றால் நல்லது? நெரிசலில் மாட்டினால் என்ன செய்வது? முடிந்ததும் ராத்திரியே கிளம்பி வர முடியுமா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது.

குகை குமரன்:
தம்பி, பஞ்சு சுத்தமாக வேண்டாம். பஞ்சு வைத்தால் சத்தம் பெரிதாகக் குறையாது, குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் முன்னால் போய் நிற்பாய், அதுதான் ஆபத்து.

கணக்கு இதுதான். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது வேலை இடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்கிற வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, அப்படியே போனால் 100க்கு வெறும் 15 நிமிஷம். கிளப்பில் ஸ்பீக்கர் பக்கம் 100ஐத் தாண்டுவது சாதாரணம், நீ உள்ளே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கப் போகிறாய். மீதியை நீயே போட்டுப் பார்த்துக்கொள்.

ஃபோம் இயர் பிளக் வாங்கு. மெடிக்கலில் கிடைக்கும், இல்லாவிட்டால் சேஃப்டி ஷூ, ஹெல்மெட் விற்கிற கடையில் கேள், ஒரு ஜோடி டீக்காசுதான். ஆனால் அதைப் போடுகிற விதம் பாதிப் பேருக்குத் தெரியாது, காது வாசலில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். விரலில் நன்றாக உருட்டி மெல்லிசாக்கு, அடுத்த கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல் பகுதியைப் பிடித்து மேலே பின்னால் இழு, துளை நேராகும், அப்போது உள்ளே விட்டு அது விரிகிற வரைக்கும் விரலால் அழுத்திப் பிடி. சரியாக உட்கார்ந்தால் உன் குரலே உனக்குக் கனமாகக் கேட்கும். கிளப் வாசலிலேயே போட்டுக்கொள், உள்ளே இருட்டில் கீழே விழுந்தால் தேட முடியாது. கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், அந்த நண்பன் நிச்சயம் கொண்டுவர மாட்டான்.

ஒரே குறை, ஃபோம் மேல் ஸ்தாயியை அதிகம் அடைத்துவிடும், கிட்டார் மழுங்கிக் கேட்கும். இசைக்காரர்கள் போடுகிற ஃபில்டர் வைத்த பிளக் எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், விலை ஆயிரத்தைத் தாண்டும். அடிக்கடி போவதாக இருந்தால் அதை வாங்கு, ஒரு ராத்திரிக்கு ஃபோமே போதும்.

இன்னொன்று. வெளியே வந்த பிறகு காது அடைத்த மாதிரி இருந்தாலோ கொய்ங் என்று கேட்டாலோ பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அதற்கு மேலும் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு. ஒரு பக்கக் காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் தள்ளிப் போடவே கூடாது, அன்றைக்கே போ. எண்ணெய் ஊற்றிப் பார்க்கிற வேலை எல்லாம் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை பழைய ஆள்:
இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தத்தைக் கேட்க இருநூறு கிலோமீட்டர் போக வேண்டுமா தம்பி? எங்கள் தெருவுக்கு வா, கொலுசுப் பட்டறையில் ஓசியிலேயே கேட்கலாம். டீயும் வாங்கித் தருகிறேன்.

அம்மாபேட்டை தறிவீடு:
ஐயா சொன்னது கிண்டல்தான் என்றாலும் விஷயம் சரியான இடத்தில் தொடுகிறது. இந்த இசை பிறந்ததே பட்டறைச் சத்தத்தில்தான். இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் லண்டனில் 1976இல் த்ராபிங் கிரிஸ்ல் பேண்டு ஆட்கள் ஒரு ரெக்கார்டு கம்பெனி தொடங்கினார்கள், அந்தப் பெயரே இந்த வகைக்கு ஒட்டிக்கொண்டது. 1980இல் பெர்லினில் ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பாட்டன் பேண்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் மேடையில் தகரம், ஸ்பிரிங், டிரில்லிங் மெஷின் எல்லாம் வைத்து வாசித்தவர்கள். பர்மிங்ஹாமின் காட்ஃபிளெஷ் பேண்டுக்காரர்கள் டிரம்மரே இல்லாமல் டிரம் மெஷினை ஓடவிட்டு அதன் மேல் கிட்டாரைப் போட்டார்கள். அந்த அடி ஒரு இம்மிகூட இளகாது, சலிக்காது. எனக்கு முதலில் கேட்டபோதே அது வீட்டுச் சத்தமாகத்தான் இருந்தது.

ஏனென்றால் நான் விசைத்தறிக்குப் பக்கத்து அறையில் தூங்கி வளர்ந்தவன். ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் போய் மோதுகிற டக், உடனே பலகை வந்து ஊடையை நெருக்குகிற இன்னொரு டக், இது நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல், எட்டுத் தறியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஓடும். கொஞ்ச நேரம் நின்று கேட்டால் ஒன்றை ஒன்று துரத்திப் பிடித்துச் சேர்ந்து அடித்துவிட்டு மறுபடி விலகும். அதற்குத் தாளம் போடாமல் இருக்க முடியாது.

ஆனால் அதே கொட்டகையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே யாரும் பேச மாட்டார்கள், உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் எல்லாம். பாவு நூல் அறுந்தால் ஒரு சைகை, டீ வந்தால் ஒரு சைகை. எங்கள் அப்பாவுக்கு இப்போது குருவிச் சத்தம், குக்கர் விசில் எதுவும் கேட்காது, மேல் ஸ்தாயிதான் முதலில் போகும், டிவி சத்தம் நான்கு வீடு கேட்கும். உள்காதில் சத்தத்தை வாங்குகிற மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. நமக்குப் பிடித்த சத்தம், கூலிக்குக் கேட்ட சத்தம் என்று அதற்குப் பேதம் கிடையாது. அதனால் குமரன் சொன்ன பிளக்கைப் போட்டுக்கொண்டு தாராளமாகப் போய்வா. பிளக் போட்டாலும் அந்த பேஸ், அதாவது கனத்த கீழ் ஸ்தாயிச் சத்தம், நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கும், அது காது வழியாக மட்டும் வருவதில்லை. ஹெட்போனில் உனக்குக் கிடைக்காதது அதுதான்.

நித்யா ஏற்காடு:
நான் பெங்களூரில் வேலை பார்த்தபோது இந்த மாதிரி நிறையப் போயிருக்கிறேன், லீவுக்கு மலைக்கு வந்தால் அமைதியே காதில் இரைகிற அளவுக்கு. நிற்கிற இடம் பற்றி: சவுண்ட் பார்க்கிறவர் மிக்சர் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடு, பெரும்பாலும் நடுவிலோ பின்னாலோ இருக்கும். அவர் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் மொத்தத்தையும் சரிசெய்கிறார், அவர் பக்கத்தில் நின்றால் பாட்டு பாட்டாகக் கேட்கும். மேடை ஓரத்து ஸ்பீக்கர் முன்னால் இரைச்சல்தான், சுவர் மூலையில் போய் நின்றால் பேஸ் குமுறும்.

நடுவில் திடீரென்று வட்டமாக இடம் விட்டு இடித்துக்கொண்டு ஆடுவார்கள். சண்டை என்று நினைத்துவிடாதே, விழுந்தவனை நான்கு பேர் தூக்கி நிறுத்துவதும் அங்கே வழக்கம். ஆட வேண்டாம் என்றால் அந்த வட்டத்தின் விளிம்பில் மட்டும் நிற்காதே, அடி அங்கேதான் விழும். செருப்பு கூடவே கூடாது, ஷூ போட்டுப் போ. கூட்டம் நெருக்கினால் கையைக் கீழே தொங்கவிடாமல் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வை, மூச்சு விட இடம் கிடைக்கும். எதிர்த்துத் தள்ளாதே. அலை கொஞ்சம் தளரும்போது குறுக்காக ஓரத்துக்கு நகர்ந்து வந்துவிடு. உள்ளே போனதும் வந்த வாசல் தவிர வேறு வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள், இது எந்த கிளப்புக்கும். வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும், புகையும் விடுவார்கள், வலிப்போ ஆஸ்துமாவோ இருக்கிற யாரையும் யோசிக்காமல் கூட்டிப் போகாதே.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: கூடப் போகிறவர்களோடு, தொலைந்தால் சந்திக்க ஒரு இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். உள்ளே போன் பேசினால் ஒரு எழுத்துகூடக் கேட்காது. இடிக்கிற சாக்கில் எவனாவது கை வைத்தால் வாசலில் நிற்கிற பவுன்சரிடம் நேராகச் சொல்லுங்கள், வெளியே அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியது நாம் இல்லை.

சூரமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பழைய ஆள் ஐயா, டீக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன், காது கேட்டால். பேருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே? பையை என்ன செய்வது?

குகை குமரன்:
பையே வேண்டாம், வாசலில் சோதனை போட்டுப் பாதியை வாங்கி வைப்பார்கள். போன், கொஞ்சம் பணம், அடையாள அட்டை, பிளக், அவ்வளவுதான். வயசு பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், அட்டையை மறந்தால் டிக்கெட் இருந்தும் நடுரோடுதான். நடுராத்திரிக்கு மேல் முடிந்தால் மெட்ரோ இருக்காது. ஆட்டோ பிடித்து மடிவாளாவோ சில்க் போர்டோ வந்துவிடு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக நம்ம பக்கம் வருகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். சனிக்கிழமை ராத்திரி, சீட்டை இப்போதே பதிவு செய்து வை, நின்றுகொண்டே வர முடியாது. விடிகிற நேரத்துக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கலாம், குளித்துவிட்டு விசேஷத்துக்குப் போக நேரம் இருக்கும். வண்டியில் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொள்ளாதே.